கடல் தாண்டி ஒரு கிளை: நான்கு ஊரும் ஒரு கல்லாவும்

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம். அழகர் மலைக்குத் திரும்பிவிட்டார். தெற்கு மாசி வீதியில் கூட்டம் மட்டும் குறையவில்லை. மலேசியாவின் பினாங்கிலிருந்து வந்த ஒரு குடும்பம் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு எங்கள் கடைக்குள் வந்து உட்கார்ந்தது. மாலை ஐந்து மணிக்கு நாற்பத்து மூன்று சேலைகளோடு எழுந்தது. பில் போடும்போது அந்த வீட்டு அம்மாள், "இதையே எங்கள் ஊரில் திறந்தால் என்ன அண்ணாச்சி? பெட்டியில் அமுக்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லையே" என்று முதலாளியிடம் கேட்டார். விளையாட்டாகக் கேட்டதுதான். அன்று இரவு கல்லாவை எண்ணி முடிப்பதற்குள் அது குடும்ப வழக்காகிவிட்டது.

எங்கள் கடை என்று சொல்கிறேனே தவிர, நான் அங்கே கணக்குப் பார்ப்பவன். மதுரையில் மூன்று, திண்டுக்கல்லில் ஒன்று, காரைக்குடியில் ஒன்று என ஐந்து கடைகள். சுங்குடி (முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புள்ளிச் சேலை), பருத்திச் சேலை, வேட்டி, துண்டு. மூத்த மகன் சிங்கப்பூர் என்கிறார். மருமகனுக்குத் துபாய். இளைய மகள் மலேசியாவை விட மாட்டேன் என்கிறார். முதலாளியின் தம்பி, யாழ்ப்பாணம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்கிறார். "தம்பி, நான்கையும் எடை போட்டு எழுதிக் கொடுங்கள். யார் சொன்னது என்று பார்க்க வேண்டாம்" என்றார் முதலாளி. எழுதிக் கொடுத்ததில் பெயர்களையும் தொகைகளையும் எடுத்துவிட்டு, மற்றதை இங்கே வைக்கிறேன்.

யாழ்ப்பாணத்தை முதலில் முடித்துவிடலாம். பேச்சும் உடுப்பும் நெருக்கம்தான். 2019 அக்டோபரில் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து விமானம் போனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள். ஆனால் சின்ன முதலோடு வரும் வெளிநாட்டவருக்குச் சில்லறை வணிகத்தின் கதவை இலங்கை திறந்து வைக்கவில்லை. அதைவிடப் பெரிய தடை நாணயம். 2022-இல் ஒரு டாலர் 200 இலங்கை ரூபாயை ஒட்டி இருந்தது, சில வாரங்களில் 360-ஐத் தொட்டது. அந்தச் சமயத்தில் அங்கே கடனுக்குச் சரக்குக் கொடுத்திருந்தால், ஒரு சேலைக்கு ஏறக்குறைய அரைச் சேலை விலைதான் கைக்கு வந்திருக்கும். போதாததற்கு 2024 ஜனவரியிலிருந்து மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதம். முதலாளியின் தம்பி ஒன்றும் பேசவில்லை. காபி மட்டும் கேட்டார்.

துபாய் அப்படித் தள்ளிவிடக்கூடிய ஊர் அல்ல. காகிதத்தில் பார்த்தால் நான்கில் அதுதான் முதலிடம். முன்பெல்லாம் அங்கே கடை போட உள்ளூர்க்காரர் ஒருவருக்கு 51 சதவீதப் பங்கு எழுதி வைக்க வேண்டும். 2021 ஜூன் முதல் பெரும்பாலான தொழில்களில் அந்தக் கட்டாயம் போய்விட்டது. 2022 மே 1-ஆம் தேதி இந்திய-அமீரக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்ததால், உரிய சான்றிதழ் இருந்தால் நம் துணிக்கு 5 சதவீதச் சுங்கமும் இல்லை. விற்பனை வரி 5 சதவீதம். வருமானத்தின் மீது 3,75,000 திர்ஹமுக்கு மேல்தான் 9 சதவீத வரி. மருமகன் இந்த எண்களை மனப்பாடமாகவே வைத்திருந்தார்.

அவர் விட்டது ஒன்றுதான்: துபாயில் இருக்கும் தமிழருக்கு வீடு இங்கே இருக்கிறது. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு வருகிறார். தங்கைக்குக் கல்யாணம், தாய்மாமன் சீர், காதுகுத்து எல்லாம் இங்கே நடக்கின்றன. சேலையை இங்கே, நம் கடையிலேயே, மதுரை விலைக்கு எடுக்கிறார். அவரிடமே அதே சேலையை துபாய் வாடகையும் துபாய்ச் சம்பளமும் ஏற்றிய விலைக்கு நீட்டினால், "இது விளக்குத்தூண் பக்கத்தில் என்ன விலை என்று எனக்குத் தெரியாதா?" என்றுதான் கேட்பார்.

இதை நான் கற்பனையில் சொல்லவில்லை. அமெரிக்காவின் டார்கெட் என்ற பெரிய கடைத் தொடர் கனடாவில் பட்ட பாட்டைப் படித்திருப்பீர்கள். கனடியர்கள் எல்லை தாண்டிப் போய் அந்தக் கடையில் வாங்கிப் பழகியவர்கள். அதனால் கடை தானாக ஓடும் என்று எண்ணினார்கள். ஓடவில்லை. அமெரிக்க விலை தெரிந்தவர்கள் கனடிய விலைச் சீட்டைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். நம் கடையைத் தேடி வருகிறவர் நம் கடை போகும் இடத்திலும் வாங்குவார் என்பது பெரிய நிறுவனத்துக்கே பொய்த்துப்போன நம்பிக்கை.

மலேசியத் தமிழர் கதை வேறு. அங்கே இந்திய வம்சாவளியினர் சுமார் 20 லட்சம் பேர், பெரும்பாலோர் தமிழர். மூன்று, நான்கு தலைமுறையாக வேர் அங்கே. மதுரைக்கு அவர்கள் வருவது மீனாட்சியைப் பார்க்க, வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ. தைப்பூசமும் தீபாவளியும் கல்யாணமும் அவர்களுக்கு அங்கேதான் நடக்கின்றன. நாற்பத்து மூன்று சேலை எடுத்த அந்தக் குடும்பம் தனக்கு மட்டும் எடுக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் பணம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். மதுரை விலையை அவர்கள் கேள்விப்பட்டிருக்கலாம்; மறுநாள் காலையில் வந்து அந்த விலைக்கு வாங்க முடியாது.

சிங்கப்பூர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழரும் உண்டு, நேற்று வேலைக்குப் போனவரும் உண்டு. துணிக்குச் சுங்கவரி கிடையாது. பொருள் சேவை வரி 2024 முதல் 9 சதவீதம். உள்ளூர்வாசி ஒருவர் இயக்குநராக இருந்தால் கம்பெனி பதிவு செய்வது சுலபம். மதுரையில் தொடங்கிய முருகன் இட்லி கடை சையது ஆல்வி சாலையில் கிளை நடத்துவதை மூத்தவர் நாளுக்கு இரண்டு முறை சொல்லிக் காட்டினார். நியாயமான உதாரணம்தான். ஆனால் இட்லிக்கு மாவை அங்கேயே ஆட்டிக்கொள்ளலாம், விற்காததை மறுநாள் நினைக்க வேண்டியதில்லை. சேலைக்கு முடிச்சு இங்கே போட்டாக வேண்டும். விற்காதது தட்டில் உட்கார்ந்து வாடகையைத் தின்னும்.

சிங்கப்பூரில் எனக்கு உறுத்திய விஷயம் வாடகைகூட அல்ல, ஆள். இங்கிருந்து விற்பனையாளரைச் சாதாரண வேலை அனுமதியில் கூட்டிப்போவது நடக்காத காரியம். அதற்கு மேல்படியான எஸ் பாஸ் வேண்டுமானால், 2025 செப்டம்பர் முதல் மாதச் சம்பளம் குறைந்தது 3,300 சிங்கப்பூர் டாலர் கொடுக்க வேண்டும். அதையும் உள்ளூர் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத்தான் தருவார்கள். நாம் புதிதாகத் திறக்கும் கடையில் உள்ளூர் ஆட்களே இரண்டு பேர் இருப்பார்கள்.

ஆள் என்ன அவ்வளவு முக்கியமா என்று மூத்தவர் கேட்டார். அங்கேயே பட்டதாரிகளை வைத்துக்கொள்ளலாம், கணினி இருக்கிறது, இங்கிருந்தே இருப்பைப் பார்க்கலாம் என்றார். அப்போதுதான் ஒரு சோதனை செய்து பார்த்தோம்.

தெற்கு மாசி வீதிக் கடையில் சேலைப் பிரிவைப் பார்க்கும் அக்கா பத்தொன்பது ஆண்டுகளாக அங்கே நிற்கிறார். "அரக்குக் கரை வைத்த மஞ்சள் சுங்குடி எத்தனை இருக்கிறது அக்கா?" என்று கேட்டேன். கணினி பன்னிரண்டு என்றது. அவர் தட்டைத் திரும்பிப் பார்க்காமலே, "ஏழு. அதில் இரண்டில் மடிப்பில் கறை, அதைக் காட்டுவதில்லை" என்றார். எடுத்து எண்ணினோம். ஏழு. இரண்டில் கறை. மீதி ஐந்து எங்கே போயிற்று என்று தேடினால், திண்டுக்கல் கடைக்குப் போனவை; அங்கே வேறு பெயரில் வரவு வைத்திருந்தார்கள். ஒரே சேலை ஒரு கடையில் 'கட்டம் சுங்குடி', இன்னொன்றில் 'செக்டு', மூன்றாவதில் 'காரைக்குடி பெரிய கட்டம்'. ஐந்து கடை கொண்ட எங்கள் தொழிலில் சரக்கின் கணக்கு கணினியில் இல்லை, அந்த அக்காவின் தலையில் இருக்கிறது. திண்டுக்கல்லுக்கு என்றால் ஒரு போன் போட்டுச் சமாளிக்கலாம்.

டார்கெட் விழுந்த இடமும் இதுதான், அளவு மட்டும் வேறு. 2011 ஜனவரியில் ஜெல்லர்ஸ் என்ற கடைத் தொடரின் குத்தகைகளை 180 கோடி கனடிய டாலருக்கு மேல் கொடுத்து வாங்கினார்கள். இவ்வளவு பணத்தை முடக்கிவிட்டுக் கடையைப் பூட்டி வைக்க முடியுமா? 2013 மார்ச்சில் திறப்பு, அந்த ஆண்டு முடிவதற்குள் 124 கடைகள். புதிய மென்பொருளில் பல்லாயிரம் பொருட்களின் விவரத்தை அவசரமாக ஏற்றியதில் அங்குலமும் சென்டிமீட்டரும் கலந்தன, நீளம் அகலமாயிற்று. கிடங்கில் சரக்கு பிதுங்கியது, கடைத் தட்டு காலியாகக் கிடந்தது. முதல் நாள் ஆசையாக வந்தவர் காலித் தட்டைப் பார்த்துவிட்டுப் போனால் இரண்டாம் முறை வருவாரா? 2015 ஜனவரி 15 அன்று 133 கடைகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். 17,600 பேருக்கு வேலை போயிற்று.

அந்தக் கதையில் என்னை யோசிக்க வைத்தது மென்பொருள் அல்ல; குத்தகை. முதலிலேயே மீட்க முடியாத பணத்தைப் போட்டுவிட்டதால், தயாராகாமலே திறக்க வேண்டியதாயிற்று. சிங்கப்பூரிலும் கடை வாடகை ஒப்பந்தம் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளுக்குத்தான் போடுகிறார்கள். ஆறாவது மாதத்தில் சரிவரவில்லை என்று தெரிந்தாலும் வாடகை ஓடிக்கொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் அமெரிக்கா வரை போவானேன். காரைக்குடிக் கடை இருக்கிற தெருவில் எந்தப் பெரியவரைக் கேட்டாலும் 'கொண்டுவிக்க'ப் போன கதை சொல்வார். நகரத்தார் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனபோது முதலாளி பெரும்பாலும் ஊரில்தான் இருந்தார். போனது அவருடைய பிரதிநிதியான மேலாள், மூன்று ஆண்டுத் தவணை. அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிய பையன்தான் நாளடைவில் அடுத்தாளாகி மேலாளானான். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவின் கிட்டங்கியில் (கிடங்குக் கட்டடத்தில்) ஒரே கூரையின் கீழ் பல விலாசங்கள் (வணிக நிறுவனங்கள்), ஆளுக்கு ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை. கட்டடத்தில் பணம் போகவில்லை, ஆளில் போயிற்று. பர்மாவில் அடி விழுந்தது வேறு வகையில். 1930-களின் மந்தத்தில் கடன் வசூலாகாமல், பணத்துக்குப் பதில் நெல்வயல் கைக்கு வந்தது. வயலைப் பெட்டியில் வைத்து எடுத்து வர முடியாது. போர் வந்தது, பிறகு 1948-இல் நிலத்தை நாட்டுடைமையாக்கும் சட்டம் வந்தது.

அவர்களுக்கு அன்று இருந்த வசதி நமக்கு இன்று இல்லை. கப்பல் டிக்கெட் எடுத்தால் பெட்டியடிப் பையனை அனுப்பலாம் என்ற காலம் அது. இப்போது அக்காவை அனுப்ப விசா பிரிவுகளைப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே எந்த நாடு என்பதோடு எந்த வகை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சொந்தக் கம்பெனி தொடங்குவதற்கு இந்தியப் பக்கம் தடை பெரிதாக இல்லை. 2022 ஆகஸ்டில் வந்த வெளிநாட்டு முதலீட்டு விதிகளின்படி, பதிவு பெற்ற கூட்டு வணிக நிறுவனமே நேரடியாக வெளியே முதலீடு செய்யலாம். நிகர மதிப்பைப் போல நான்கு மடங்கு வரை வங்கி வழியாக அனுப்பலாம். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31-க்குள் அந்த வெளிநாட்டுக் கம்பெனியின் செயல்பாட்டு அறிக்கையைக் கொடுத்துவிட வேண்டும். மலேசியப் பக்கம்தான் படி உயரம்: முழுக்க வெளிநாட்டவர் கையிலுள்ள சில்லறைக் கடைக்கு உள்நாட்டு வணிக அமைச்சகத்தின் அனுமதியும், 10 லட்சம் ரிங்கிட் செலுத்திய மூலதனமும் வேண்டும். ஒரே ஒரு சேலைக் கடைக்கு அது யானைக்குப் போடும் தீனி.

பெயரை மட்டும் கொடுத்து உரிமத் தொகை வாங்கும் முறை மருமகனுக்குப் பிடித்திருந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. மதுரை சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் சுங்குடி என்று விற்பதில் பெரும்பகுதி அச்சுதான் என்பது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். உண்மையான முடிச்சுச் சேலையைச் சில இடங்களில் முடிச்சு அவிழ்க்காமலே வைத்திருப்போம். வாங்குகிறவர் முன்னால் இரு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால், நூல் தெறித்து வெள்ளைப் புள்ளி பூக்கும். பினாங்கு அம்மாள் நான்கு சேலை கூடுதலாக எடுத்தது அந்த ஒரு இழுப்பில்தான். உரிமம் எடுத்தவர் இரண்டாம் ஆண்டில் விலை மலிவாக வேறெங்கோ அச்சடித்த துணியை நம் பலகைக்குக் கீழே விற்றால், நாம் இங்கே உட்கார்ந்து என்ன செய்ய முடியும்?

மூன்றாவது வழி, அங்கே ஏற்கெனவே ஓடும் கடையில் ஒரு பக்கத்தை நமக்கு வாங்குவது. பலகை நம்முடையது, சரக்கு நம்முடையது, விற்றால் அவருக்குக் கழிவு (கமிஷன்), விற்காவிட்டால் திரும்பி வரும். மூன்று ஆண்டுக்குள் திரும்பும் சரக்குக்குச் சுங்கச் சலுகை உண்டு; ஏற்றுமதிக்காகப் பெற்ற பலன்களைத் திருப்பிக் கட்ட வேண்டும். லாபம் குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. கடைக்காரர் கழிவு போக, கப்பல் செலவு போக, நிற்பது கொஞ்சம்தான். ஆனால் நஷ்டத்தின் உச்ச வரம்பு நமக்கு முன்கூட்டியே தெரியும்: அனுப்பிய இரண்டு பேல் (பெரிய கட்டு) சரக்கும் அதன் கப்பல் செலவும். அதற்கு மேல் ஒரு ரூபாய் போகாது.

பினாங்கு ஜார்ஜ் டவுனில் பசார் தெருப் பக்கம் இருக்கும் ஒரு ஜவுளிக்கடைக்காரரை அந்த அம்மாளே அறிமுகம் செய்துவைத்தார். அவரிடம் கேட்டதில் பாதியை எழுத்தில் வாங்கியாயிற்று. எந்தச் சேலை வைப்பது என்பதை நாங்கள் தீர்மானிக்க வேண்டும். தினமும் விற்ற சேலையின் சீட்டைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். மாதக் கடைசியில் மொத்தமாகச் சொல்வது கூடாது. இரண்டாவது நிபந்தனைக்கு அவர் முகம் சுளித்தாராம். அதில் நாங்கள் இறங்கி வரப்போவதில்லை.

இதற்கிடையில் வீட்டுப் பாடம் நிறைய. ஐந்து கடையிலும் ஒரு சேலைக்கு ஒரே பெயர் என்று ஏட்டைத் திருத்தத் தொடங்கியிருக்கிறோம். அக்கா சொல்லச் சொல்ல இளைய மகள் எழுதுகிறார், இதுவரை 212 பெயர்கள் 90 ஆகியிருக்கின்றன. கடைப் பெயரை மலேசியாவில் வணிகச் சின்னமாகப் பதிய விண்ணப்பம் தயார். ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் சின்னம் பதிய உதவும் மாட்ரிட் ஒப்பந்த முறையில் இந்தியா 2013-லும் மலேசியா 2019-லும் சேர்ந்துவிட்டதால் இங்கிருந்தே செய்யலாம். சிங்கப்பூரையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடச் சொன்னேன். மூத்தவரைச் சமாதானப்படுத்த மட்டும் சொல்லவில்லை. அடுத்து எப்போதாவது போனால் அங்கேதான் போவோம்.

போவதற்கு முன் இன்னொரு சீட்டும் வேண்டும். சுங்குடி முதல் சலவையில் கொஞ்சம் சாயம் விடும். கல் உப்புப் போட்டுத் தனியாக அலசுங்கள் என்று அக்கா பொட்டலம் கட்டும்போதே சொல்லிவிடுவார். எந்தச் சேலையிலும் அது எழுதியிருந்ததில்லை. சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் ஒரு சட்டம் இருக்கிறது: வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் முதலில் கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது கடைக்காரர் பாடு. பினாங்குக்கு அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும், சாயம் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் விடும். தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் நான்கு வரிச் சீட்டு அச்சுக்குப் போயிருக்கிறது.

தீபாவளிக்கு ஐந்து வாரம் முன்னால் முதல் பேல் போய்ச் சேர வேண்டும். அக்காவும் போகிறார். இந்தியர்களுக்கு மலேசியாவில் இப்போது முப்பது நாள் விசா வேண்டாம், ஆனால் அது சுற்றிப் பார்க்க. கடையில் நின்று விற்கக் கூடாது, சேலையை எடுத்துப் போட்டுக் காட்டக்கூடக் கூடாது என்று நான் இரண்டு முறை சொன்னேன். "விற்கவில்லை தம்பி. எதிரே டீக்கடை இருக்கிறதாம், அங்கே உட்கார்ந்து யார் கை எந்தச் சேலைக்குப் போகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வருகிறேன்" என்றார். போன வாரம் பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் திருநகர் வீட்டுக்கு வந்து போனார். வந்தவருக்கு டீ கொடுத்துவிட்டு, அவர் வீட்டில் அடுத்து என்ன விசேஷம் என்று விசாரித்திருக்கிறார் அக்கா.